சுண்ட வைத்த கானாங்கெளுத்தி

ஜூன் 3, செவ்வாய்

அக்கா, இந்த நேரத்தில் எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதே. முகிலும் பரணியும் தூங்கி, பாத்திரமும் கழுவி முடித்த பிறகுதான் போனைக் கையில் எடுக்க முடிகிறது. "போன்ல நீ அழுதா எனக்கு ஒண்ணும் வெளங்கலடி. அன்னன்னிக்கு நடந்தத எழுதி அனுப்பு, நான் ஸ்கூல் பஸ்ல போறப்ப படிச்சிக்கிறேன்" என்று நீதானே சொன்னாய். மஸ்கட்டில் விடிந்ததும் படி. இப்போது படிக்காதே, உன் தூக்கமும் கெடும்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வாசனை தெரியவில்லை. மே மாதம் வந்த காய்ச்சல் போகும்போது அதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. சளி என்று நினைத்திருந்தேன். சளி போயாகிவிட்டது. மூக்கு சுத்தமாக இருக்கிறது. காற்று போகிறது, வருகிறது, காற்றைத் தவிர ஒன்றும் வருவதில்லை. பெருங்காய டப்பாவைத் திறந்து மூக்கோடு வைத்துக்கொண்டு நின்றேன். மாவு டப்பா போல இருந்தது. உப்பு, புளிப்பு, இனிப்பு மூன்றும் நாக்குக்குத் தெரிகின்றன. காரமும் தெரிகிறது. மற்றபடி சாப்பாடு என்றால் சூடாக ஏதோ ஒன்று, அல்லது ஆறிப்போன ஏதோ ஒன்று.

பரணியிடம் சொல்லவில்லை. ஏனென்றால் போன வாரம் ஒரு சின்ன விஷயம் நடந்தது. பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டிருக்கிறது. நான் முகிலுக்குக் கூடத்தில் யானைக் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு வசுமதி மாமி கதவை இடித்து, உள்ளே ஓடி, சிலிண்டரை மூடினார். "என்னம்மா இது, மாடிப்படி பூரா கேஸ் நாத்தம், உனக்குத் தெரியலையா?" சளி மாமி என்றேன். ஜன்னல் பாதி திறந்துதான் இருந்தது. பெரிதாக ஒன்றுமில்லை.

ஆனால் மாமி பரணியிடம் சொல்லிவிட்டார். பரணி பரங்கிப்பேட்டையில் இருக்கும் அவர் அம்மாவிடம் சொல்லிவிட்டார். அத்தை உடனே போன். "தப்பா நெனச்சிக்காதம்மா. ரெண்டு வயசுப் புள்ளய வச்சிக்கிட்டு ஒத்தையில திண்டாடுற. கொஞ்ச நாளைக்கி நான் தூக்கிட்டு வந்து வச்சிக்கிறேனே?" சளி என்று நினைத்துக்கொண்டே பிள்ளையைக் கேட்கிறார். மூக்கே போய்விட்டது என்று தெரிந்தால்?

இன்று சாயங்காலம் பரணி இன்னொரு குண்டைப் போட்டார். அவர் வேலை செய்யும் பிளான்ட்டில் யூன் என்று ஒரு கொரிய மேலாளர். பரணிதான் அவருக்கு மொழிபெயர்ப்பு. அந்த மனிதருக்கு ஊர் ஞாபகத்தில் கானாங்கெளுத்தி மீன் சாப்பிட ஆசையாம். "என் ஒய்ஃப் கடலூர்க்காரி சார், கானாங்கத்தையில டாக்டர் பட்டம் வாங்கினவ" என்று இவர் வாயை விட்டிருக்கிறார். இருபத்திரண்டாம் தேதி ஞாயிறு மதியம் வருகிறாராம்.

"என்னங்க, என்னைக் கேக்க வேணாமா?"

"மீன்தானே தாமர? உனக்கு அது தூக்கத்துல வரும்."

ஜூன் 5, வியாழன்

யூனின் அக்கா பூசானில் தன் சமையலறையில் நின்று வீடியோ எடுத்து அனுப்பியிருக்கிறார். அந்த மீனுக்குப் பெயர் ஜோரிம். ஜோரிம் என்றால் சுண்ட வைப்பதாம். பரணி சோபாவில் படுத்துக்கொண்டு மொழிபெயர்த்தார்.

"மீன அரிசி கழுவின தண்ணியில ஊற வைக்கணுமாம்."

"அது நாமளும் செய்றதுதான்."

"முள்ளங்கிய கட்டை விரல் கனத்துக்கு வெட்டி அடியில அடுக்கணும். மேல மீன். கரண்டி போட்டுக் கிண்டவே கூடாதாம். ஓரத்துல கொதிக்கிற சாற மொண்டு மொண்டு மீன் மேல ஊத்திக்கிட்டே இருக்கணுமாம்."

"எவ்ளோ நேரம்?"

"சுண்டுற வரைக்கும்."

"அது எப்பன்னு எப்படித் தெரியும்?"

பரணி வீடியோவைப் பின்னுக்கு ஓட்டி மறுபடி கேட்டார். "வாசனை மாறுமாம். பச்ச வாசனை போயி, இனிப்பா ஒரு வாசனை வருமாம். அதான் கணக்குங்கறாங்க."

நான் தலையாட்டினேன்.

அந்த அம்மாள் அரை நிமிடத்துக்கு ஒரு தடவை சாற்றை வாயில் விட்டுப் பார்த்துவிட்டு, அதே கரண்டியைச் சட்டிக்குள் விடுகிறார். அத்தை பார்த்தால் சட்டியோடு தூக்கிக் குப்பையில் போட்டிருப்பார். எங்கள் வீட்டில் அடுப்பில் இருப்பதை யாரும் வாயில் வைத்துப் பார்ப்பதில்லை. எச்சில். உப்பு காரம் எல்லாம் கொதி வாசனையில்தான். நம் அம்மாவும் அப்படித்தானே. நானும் அப்படித்தான் கற்றுக்கொண்டேன். இத்தனை நாளும் அது எனக்கு ஒரு பெருமையாகவே இருந்தது.

ஜூன் 8, ஞாயிறு

பரணி வீட்டில் இருந்ததால் இன்று ஒத்திகை பார்த்தேன். கடலில் தடைக்காலம் என்பதால் கேரளாவிலிருந்து ஐஸில் வந்த மீன். யூன் கொடுத்தனுப்பிய மிளகாய்த்தூள் பொட்டலத்தைப் பிரித்தேன். குங்குமம் மாதிரி பளிச்சென்ற சிவப்பு. பூண்டு, இஞ்சி, சோயா சாஸ், கொஞ்சம் சர்க்கரை. சமையல் சாராயம் ஒரு கரண்டி ஊற்ற வேண்டுமாம். அத்தை வந்து போகிற வீட்டில் அதெல்லாம் நடக்காது. எலுமிச்சம்பழம் பிழிந்துவிட்டேன். பிறகு கை தன் பாட்டுக்குக் கல்லுப்பு ஜாடிக்குள் போனது. சோயாவிலேயே உப்பு இருக்கிறது என்பது போட்ட பிறகுதான் உறைத்தது. முன்பென்றால் ஒரு கொதியில் மூக்கு சொல்லியிருக்கும்.

பரணி ஒரு வாய் வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "கடல்ல இருந்து மீன எடுத்தாங்களா, மீன்ல இருந்து கடல எடுத்தாங்களா?"

நானும் சிரித்தேன். சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

பகலில் அடுப்பு பற்றவைக்கவில்லை. முகிலுக்கு வாழைப்பழமும் காலையில் வடித்த சோற்றில் தயிரும். அவளுக்கு வாழைப்பழம் பிடிக்கும்.

ஜூன் 14, சனி

இன்று மறுபடி வைத்தேன். பரணி முகிலைப் பூங்காவுக்குக் கூட்டிப் போயிருந்தார். வீட்டில் யாரும் இல்லை என்ற தைரியத்தில் ஸ்பூனை எடுத்து, சட்டியிலிருந்து மொண்டு, வாயில் வைத்தேன். கல்யாணமாகி இந்த அடுப்பில் முதல் தடவை. திருடி போல வாசல் கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

இதைக் கேள் அக்கா. அந்தக் கொரியக் காரம் நம் மிளகாய் மாதிரி எடுத்த எடுப்பில் பாய்வதில்லை. முதலில் இனிப்பு. விழுங்கின பிறகு நாக்கின் நடுவில் மெதுவாகச் சூடு ஏறுகிறது. அங்கிருந்து தொண்டைக்குழிக்கு இறங்குகிறது. கடைசியில் காது மடல் சுடுகிறது. உதட்டுக்கு வரவே வராது. நுனி நாக்கையும் தொடாது. வாசனை இல்லாத வாய்க்கு இது தெளிவாகத் தெரிகிறது, இருட்டில் ஒருவர் நடந்து போகும் சத்தம் போல. நான் நின்றுகொண்டே அரைச் சட்டி சாப்பிட்டுவிட்டேன். காய்ச்சலுக்குப் பிறகு சாப்பிட்ட மாதிரி சாப்பிட்டது இன்றுதான். கண்ணிலிருந்து தண்ணீர். காரம்தான்.

எப்போது சுண்டியது என்பதையும் கண்டுபிடித்துவிட்டேன். முதலில் குமிழிகள் சின்னச் சின்னதாகப் படபடக்கும். சாறு இறுகியதும் குமிழி பெரிதாகி, சோம்பலாக உடையும். சத்தம் தடித்துப் போகும். காதால் சமைத்துவிடலாம் போலிருக்கிறது.

பரணி திரும்பி வந்து, "இதான்! இதேதான்!" என்று சட்டியை வழித்தார். ஒரு நாள் முழுக்கப் பயமில்லாமல் இருந்தேன் என்று எழுத ஆசை. சாயங்காலம் வரை இருந்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

பரணி ஷிஃப்ட் முடிந்து வந்து முகிலைத் தூக்கினதும் முகம் சுளித்தார். "பாப்பா ஆயி போயிருக்கா தாமர. காஞ்சே போச்சு. எப்ப போனான்னு உனக்குத் தெரியலையா?"

"இப்பதாங்க போயிருப்பா."

தொடையெல்லாம் சிவந்திருந்தது. எண்ணெய் தடவும்போது என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள், கழுதை. அவள் உச்சந்தலையில் மூக்கைப் புதைத்து இழுத்தேன். தலைமுடி மூக்கில் குத்தியதுதான் மிச்சம்.

இப்போதெல்லாம் சமைத்து முடித்ததும் சிலிண்டரை மூடிவிடுகிறேன். மூடினேனா என்று போய்ப் பார்க்கிறேன். படுத்த பிறகு இன்னொரு தடவை. அது நல்ல பழக்கம்தானே.

ஜூன் 21, சனி

தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் போய்வர ஆரம்பித்துவிட்டன. பரணி விடிகாலையிலேயே காசிமேட்டுக்குக் காரை எடுத்துக்கொண்டு போனார். நான் டிபன் நேரத்துக்கு வந்துவிடுவார் என்று கழுநீரை எடுத்து வைத்துக் காத்திருந்தேன். வந்தபோது மதியம் தாண்டிவிட்டது. வழியில் பிளான்ட்டில் கூப்பிட்டார்களாம், ஏதோ மெஷின் தகராறு, யூனும் லைன் ஆட்களும் ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரியாமல் கத்திக்கொண்டிருந்தார்களாம். பாவம், சட்டையெல்லாம் வியர்வை. லீவு நாளில் கூட விடுவதில்லை.

மீன் பையில் ஐஸ் இல்லை. தண்ணீராக இருந்தது. கண் தெளிவாகத்தான் இருந்தது. செவுளைத் தூக்கிப் பார்த்தேன், சிவப்பா பழுப்பா என்று முடிவு செய்ய முடியவில்லை. மூக்கோடு வைத்தேன். பழக்கம்.

பரணியை மோந்து பார்க்கச் சொல்லலாம். ஆனால் மீனை முகர்ந்து வாங்குவதும் வேண்டாம் என்று திருப்பிக் கொடுப்பதும் இந்த வீட்டில் என் வேலை. இத்தனை நாளில் ஒருமுறை கூட அவரைக் கேட்டதில்லை. இன்று கேட்டால் ஏன் என்பார். அதனால் அவர் குளிக்கப் போனதும் மீனை ஒரு கிண்ணத்தில் போட்டுக்கொண்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன்.

வசுமதி மாமி வாழ்நாளில் முட்டை தொட்டதில்லை. கிண்ணத்தைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனார்.

"ஏம்மா, விளக்கேத்தப் போறேன், மீனைக் கொண்டு வந்து மூஞ்சிக்கு நேரா நீட்டறியே!"

"மாமி, ஒரே ஒரு தடவ மோந்து பாத்து, கெட்டுப்போன வாடை வருதான்னு சொல்லுங்க. எனக்கு சளி."

"இன்னுமா சளி?"

"ஆமா மாமி."

மாமி முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு, பிறகு வைத்துக்கொண்டால் எப்படி முகர்வது என்று அவருக்கே தோன்றி, எடுத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு குனிந்தார். உடனே நிமிர்ந்தார்.

"நாத்தம்."

"கெட்ட நாத்தமா மாமி?"

"எனக்கு எல்லா மீனும் நாத்தம்தாம்மா. இதுல நல்ல நாத்தம், கெட்ட நாத்தம்னு பிரிச்சுச் சொல்லணும்னா நான் எங்க போறது?"

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். பிறகு மாமி சிரிப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். "சளின்னா மூக்கு ஒழுகணுமேம்மா" என்றார். நான் கிண்ணத்தோடு உள்ளே வந்துவிட்டேன்.

கழுவி ஃபிரிட்ஜில் வைத்தாயிற்று. அத்தை நாளைக் காலை பஸ்ஸில் வருகிறார், பேத்தியைப் பார்க்க. பிறந்ததிலிருந்து மீனோடு இருக்கிற மூக்கு. அவரே பார்த்துவிடட்டும்.

ஜூன் 22, ஞாயிறு

முகில் நன்றாக இருக்கிறாள். முதலிலேயே எழுதிவிடுகிறேன், பஸ்ஸில் படிக்கும்போது நீ பதறக் கூடாது. பக்கத்தில் தூங்குகிறாள். அவள் வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டேதான் எழுதுகிறேன்.

அத்தை வந்து, பையைக் கூட வைக்காமல், ஃபிரிட்ஜிலிருந்து மீனை எடுத்து முகர்ந்தார். "நல்ல மீனு. பரணி ஏமாறாம வாங்கியிருக்கான்." என் தோளிலிருந்து மூட்டை இறங்கினது போல இருந்தது. அடுப்பைப் பற்றவைத்தேன். அத்தை முகிலை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். அதனால் ஸ்பூனை எடுக்க முடியவில்லை. கொதி வந்தபோது அவரே முகத்தை நீட்டிப் பார்த்து, "உப்பு சரியாயிருக்கு. புளி இல்லாம என்னா மீன் கொழம்பு இது, கல்யாண வீட்டுக்கு வந்த கடன்காரன் மாதிரி மொறச்சிக்கிட்டு நிக்குது" என்றார். நான் காதை வைத்துக் கேட்டு, சத்தம் தடித்ததும் இறக்கினேன்.

யூன் வந்தார். குட்டையான, வெட்கப்படுகிற மனிதர். செருப்பை வாசலில் நேராக ஜோடி சேர்த்து வைத்தார். முகிலுக்கு ஒரு பொம்மைக் கரடி. ஆண்களுக்கும் அத்தைக்கும் தட்டு வைத்தேன். நான் பிறகு சாப்பிடுவதுதானே வழக்கம், பரிமாற ஆள் வேண்டாமா. யூன் முதல் வாய் வைத்ததும் கண்ணை மூடிக்கொண்டார். ஏதோ சொன்னார். "அவங்க அக்கா வீட்டுக்கே போயிட்டாராம்" என்றார் பரணி, தானே சமைத்தது போல.

இன்னும் சாறு எடுக்க உள்ளே வந்தேன். கரண்டியிலிருந்து கட்டை விரலில் தெறித்தது. யாரும் இல்லை. நக்கினேன்.

நுனி நாக்கில் குத்தியது.

காரம் வரவேண்டிய இடத்துக்கு இன்னும் வரவில்லை, அதற்குள் நுனி நாக்கிலும் உதட்டிலும் பொடி ஊசிகள் போல. சட்டியின் அடியிலிருந்து ஒரு துண்டு மீனைப் பிய்த்து வாயில் போட்டேன். மறுபடி அதே. மிளகாய் அங்கே வராது. அரைச் சட்டி சாப்பிட்டிருக்கிறேன், எனக்குத் தெரியாதா? பிறகுதான் சூடு நடு நாக்கில் ஏறி, வழக்கம் போலத் தொண்டைக்குப் போனது. இரண்டும் வேறு வேறு.

அடுத்தது நான் யோசித்துச் செய்ததில்லை. கூடத்துக்கு ஓடி, சாப்பிட்டுக்கொண்டிருந்த மனிதரின் முன்னாலிருந்து தட்டை இழுத்துவிட்டேன். யூனின் கை அப்படியே காற்றில் நின்றது.

"யாரும் சாப்பிடாதீங்க. மீன் சரியில்ல."

"தாமர!" பரணி எழுந்தே விட்டார். "என்னா பண்ற நீ? தட்ட வை."

"ஏம்மா, நான் மோந்து பாத்துதானே போடச் சொன்னேன்?" அத்தைக்கு முகம் சுருங்கிவிட்டது. "எம்மூக்கு பொய் சொல்லுமா? ஒனக்கு வாடை வருதா?"

"எனக்கு வாடையே தெரியாது அத்தை. காய்ச்சல் வந்ததுல இருந்து எனக்கு எந்த வாசனையும் தெரியல."

யூனுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் எல்லோரும் என்னைப் பார்த்ததால் அவரும் பார்த்தார். அத்தைதான் முதலில் பேசினார்.

"வாசனையே தெரியாதுங்கற. அப்பறம் எப்புடிம்மா மீனு கெட்டுப்போச்சுங்கற?"

"நாக்கு குத்துது அத்தை."

"காரம் போட்டா நாக்கு குத்தாம பாயசமா குடிக்கும்?"

என்னால் விளக்க முடியவில்லை. நுனி நாக்கு, நடு நாக்கு என்று நான் கையால் காட்டிக்கொண்டிருந்தேன், பைத்தியம் மாதிரி. பரணி யூனிடம் குனிந்து கொரிய மொழியில் ஏதோ சமாதானம் சொல்ல ஆரம்பித்தார். அப்போதுதான் அத்தை, கொஞ்சம் குரல் இறங்கி, "பாப்பாவுக்கு அப்பவே ஊட்டிட்டேனே. காரத்தக் கழுவிட்டுத்தான் ஊட்டினேன், ரெண்டு துண்டு தின்னா" என்றார்.

முகில் தரையில் உட்கார்ந்து கரடிக்குக் காது திருகிக்கொண்டிருந்தாள். நான் பார்த்தபோது கன்னம் சாதாரணமாகத்தான் இருந்தது. தண்ணீர் கொடுத்தேன். துப்பினாள். பரணி, "ஒண்ணுமில்ல, நீயா பயந்து எல்லாரையும் பயமுறுத்தாத" என்றார். கொஞ்ச நேரத்தில் அவள் வாயைச் சுற்றிச் சிவப்பு. பிறகு கழுத்து. சட்டையைத் தூக்கினால் வயிறெல்லாம் தடிப்புத் தடிப்பாக. உடம்பு கொதித்தது. மீனையும் சோற்றையும் என் மடியிலேயே வாந்தி எடுத்தாள். அதுவும் எனக்கு வெறும் ஈரமாகத்தான் தெரிந்தது.

யூன் தன் காரை எடுத்தார். ஓட்டும்போது அவர் காதும் கழுத்தும் கூடச் சிவந்திருந்தன. பரணி நெற்றியைப் பிடித்துக்கொண்டு தலை வலிக்கிறது என்றார். நான் பின்சீட்டில் முகிலின் மூச்சை எண்ணாமல் இருக்க முயன்றேன். அத்தை என் பக்கத்தில் உட்கார்ந்து, "நான் மோந்து பாத்தேனே, நான் மோந்து பாத்தேனே" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, சாயங்காலம் வரை வைத்திருந்து பார்த்தார்கள். தடிப்பு இறங்கியது. டாக்டர் சின்னப் பெண், என் வயதுதான் இருக்கும்.

"அலர்ஜி மாதிரி இருக்கும், ஆனா அலர்ஜி இல்லம்மா. இந்த மாதிரி மீன் சூட்டுல கெடந்தா அதுல ஒரு பொருள் ஊறிடும். நாத்தமே வராது. ஃபிரிட்ஜ்ல வச்சாலும் சமைச்சாலும் போகாது. சில பேருக்கு வாயில சுருக்குன்னு குத்தும், அவ்ளோதான் அடையாளம். மீன் எங்கயாவது வெளியில இருந்துச்சா?"

பரணி தரையைப் பார்த்தார். "கார் டிக்கியில இருந்துச்சு டாக்டர். ஐஸ் போட்டுத்தான் இருந்துச்சு."

"எவ்ளோ நேரம்?"

"ஒரு வேலையா போயிருந்தேன்" என்றார்.

பாவம், அவருக்கு மட்டும் தெரியுமா.

ஜூன் 23, திங்கள்

காது மூக்கு தொண்டை டாக்டரிடம் பரணி கூட்டிப் போனார். கிருமி நரம்பைத் தொட்டிருக்கிறதாம். சில மாதங்களில் திரும்பலாம், சிலருக்கு ஒரு வருடம், சிலருக்குத் திரும்பாமலே போவதும் உண்டாம். எலுமிச்சை, கிராம்பு, ரோஜா என்று தினமும் முகர்ந்து பழக வேண்டுமாம்.

வரும் வழியில் பரணி, "எங்கிட்ட ஏன் தாமர சொல்லல?" என்று கேட்டார். கோபமாக இல்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

அவர் காரை முன்னால் நகர்த்தினார். சிக்னல் விழுந்துவிட்டது.

ஜூன் 24, செவ்வாய்

அத்தை இன்னும் இங்கேதான் இருக்கிறார். சமையல் அவர்தான். நான் அடுப்பங்கரைக்குள் போனால், "நீ போய் உக்காரும்மா" என்கிறார், அன்பாகத்தான். முகிலைக் குளிப்பாட்டுவது அவர். ஆயி பார்ப்பதும் அவர். நேற்று என் கையிலிருந்து பால் டம்ளரை வாங்கி, முகர்ந்து பார்த்துவிட்டு, பிறகுதான் முகிலிடம் கொடுத்தார்.

ஜூன் 26, வியாழன்

அத்தை இன்று மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். பரணி லீவு போட்டிருந்தார். அப்போதே தெரிந்திருக்க வேண்டும், பேசிவைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று.

"ஒன்னயக் கொற சொல்றதுக்கு இல்லம்மா. ஒடம்புக்கு வந்தா நீ என்னா பண்ணுவ. ஆனா அன்னிக்கி கேஸு, இன்னிக்கி மீனு. நாளைக்கி என்னான்னு சொல்லு? ஞாயித்துக்கெழம காலையில பஸ்ஸுக்கு நான் பாப்பாவத் தூக்கிட்டுப் போறேன். ஒனக்கு மூக்கு சரியாவற வரைக்கும்."

"சரியாகலன்னா அத்தை?"

அத்தை பரணியைப் பார்த்தார். பரணி, "ஏன் இப்பவே அப்டி யோசிக்கிற? வாராவாரம் போயிப் பாத்துட்டு வருவோம்ல" என்றார்.

"மீனு என்னாலயா கெட்டுச்சு?" என்று கேட்டுவிட்டேன். மெதுவாகத்தான் கேட்டேன். பரணி எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். அத்தை, "யாரு அப்டிச் சொன்னா?" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

சாயங்காலம் குப்பை கொட்டப் போனபோது மாமி படியில் நிறுத்தினார். செய்தி போயிருக்கிறது. "அது எப்படிம்மா? மூக்கு நன்னா இருக்கறவா மூணு பேர் உக்காந்து சாப்டுண்டிருந்தாளே, அவா மூக்கெல்லாம் என்ன பண்ணித்து? நீ ஒருத்திதானே கண்டுபிடிச்ச?" பிறகு குரலைத் தாழ்த்தி, "கேஸ் கசிஞ்சா கத்தற மெஷின் விக்கறதாம். என் பையன் வாங்கித் தரேங்கறான். அடுப்புக்குப் பக்கத்துல மாட்டிட்டா போறும். நானும் எதிர்த்தாப்லதானே இருக்கேன், பால் கெட்டுதான்னு கேக்க கதவத் தட்டேன். மீனை மட்டும் கொண்டு வராத" என்றார்.

படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். ஆனால் அக்கா, மாமியிடம் சொல்லாததை உன்னிடம் சொல்கிறேன். இதைச் சொல்லத்தான் இன்று இவ்வளவு நேரம் விழித்திருக்கிறேன்.

அத்தை, "நான் தூக்கிட்டுப் போறேன்" என்று சொன்னபோது எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. நிம்மதி. அப்பாடா என்று இருந்தது. பால் கெட்டதா, சிலிண்டர் மூடினேனா, அவள் உடம்பு சுடுகிறதா, இதில் ஒன்றையும் நினைக்காமல் ஒரு நாள் முழுக்கத் தூங்கலாம் என்று ஒரு நொடி தோன்றியது. அந்த ஒரு நொடிக்காகவே அவளை என்னிடம் விட்டுவைக்கக் கூடாதோ என்று இப்போது பயமாக இருக்கிறது. மறுபக்கம், அவளை அனுப்பிவிட்டால் யாரும் திருப்பிக் கொண்டுவந்து விடப்போவதில்லை என்றும் பயமாக இருக்கிறது. "மூக்கு சரியாவற வரைக்கும்" என்று ஒரு தேதியா இருக்கிறது? அவள் ஆறு மாதத்தில் அத்தையை அம்மா என்று கூப்பிடப் பழகிவிடுவாள். அத்தை நல்லவர். அவளை நன்றாகப் பார்த்துக்கொள்வார். அதுதான் என்னால் சண்டை போடவும் முடியவில்லை.

இன்று மறுபடி அவள் தலையில் மூக்கை வைத்தேன். எதுவும் வரவில்லை. ஆனால் அவள் திரும்பி என் மூக்கைப் பிடித்துத் திருகினாள், கரடியின் காதைத் திருகுவது போல.

அத்தை அவள் துணிகளை மடித்துப் பையில் வைக்க ஆரம்பித்துவிட்டார். நான் வேண்டாம் என்று சொன்னால் இந்த வீட்டில் என் பக்கம் நிற்க ஒருவரும் இல்லை. நீ வேண்டாம் என்று சொன்னால் நான் சொல்லிவிடுவேன். அனுப்பு என்று சொன்னாலும் கேட்டுக்கொள்வேன். பரணி உனக்கு மரியாதை வைத்திருக்கிறார். நீ அவருக்கே கூடப் போன் செய்யலாம். ஏதாவது ஒன்று சொல்.

பஸ் ஞாயிறு காலை. அதற்கு முன் பதில் எழுது, அக்கா.